வீட்டில் ஒரு மீன் தொட்டி: முதல் நாற்பது நாட்கள்

எமது கிராமக் குழுக்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுக்கு இந்தப் பாடத்தில் பதில் சொல்ல முயல்கிறோம். "எங்களுக்குச் சொந்தக் காணி கையில் இல்லை. இருப்பது ஒரு கொட்டிலும் அரைப் பரப்பு வளவும்தான். இதற்குள் உயிருள்ள எதையாவது வளர்க்க முடியுமா?" என்பதே அந்தக் கேள்வி.

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறி, இன்னும் தங்கள் மண்ணுக்குத் திரும்பாத குடும்பங்கள் எம்மிடையே உண்டு. போரினால் பல தடவை இடம் மாறியவர்களும், வெள்ளத்தால் வீட்டை இழந்தவர்களும் உண்டு. ஆடு, கோழி வளர்ப்பதானால் காணிக்காரர் சம்மதிக்க வேண்டும். தோட்டம் செய்வதானால் குத்தகை கொடுக்க வேண்டும். மீன் தொட்டிக்கு வேண்டியவை இரண்டு அடி நீளமான இடமும், சில வாளி நல்ல தண்ணீரும், தினமும் கால் மணி நேரக் கவனிப்பும் மட்டுமே. பிள்ளைகளும் முதியவர்களும் கூடச் செய்யக்கூடிய வேலை இது.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறோம். தோற்கும் தொட்டிகள் அநேகமாக முதல் மாதத்திலேயே தோற்கின்றன. நாம் முதன்முதல் வைத்த தொட்டியும் அப்படித்தான். சனிக்கிழமை தண்ணீர் நிரப்பினோம். ஞாயிறு பின்னேரம் இருபது மீன்களை வாங்கி விட்டோம். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. எட்டாம் நாள் காலையில் பதினாறு மீன்கள் செத்து மிதந்தன. பார்த்த பிள்ளைகள் அழுதார்கள். போட்ட பணமும் போயிற்று. "மீன் விற்றவர் ஏமாற்றிவிட்டார்" என்று நாமும் பேசினோம். உண்மையில் பிழை எங்களுடையது. அந்தப் பிழையை நீங்கள் செய்யாமல் இருக்கவே இந்தப் பாடம்.

1. தண்ணீரும் ஒரு நிலம்

பச்சைப் பசளையை மிதித்த வயலில் அன்றைக்கே நாற்று நட மாட்டோம். அது மக்குவதற்கு இரண்டு கிழமையாவது விடுவோம். மக்காத எருவைக் கன்றின் அடியில் போட்டால் கன்று கருகும். இது கமக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய விடயம் அல்ல.

மீன் தொட்டியிலும் இதே கதைதான். மீனின் கழிவிலிருந்தும், மீன் தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. யூரியாப் பை ஈரப்பட்டால் மூக்கில் ஏறும் நெடி இந்த அமோனியாவினுடையதே. இது மீனின் பூக்களை எரிக்கும் நஞ்சு. மண்ணில் இருப்பது போலத் தண்ணீரிலும் வாழும் ஒரு வகைப் பற்றீரியா, அமோனியாவை நைத்திரைற்று என்னும் பொருளாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகைப் பற்றீரியா அதனை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று அளவோடு இருந்தால் மீனுக்குக் கெடுதி இல்லை. பயிருக்கு உணவாவதும் இதுவே.

இந்தப் பற்றீரியாக்கள் கல்லிலும், வடிகட்டிப் பஞ்சிலும், செடியின் இலையிலும் ஒட்டி வாழ்கின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு இருப்பதில்லை. பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதற்கு முன் நிறைய மீன் விட்டால், தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் உள்ளே நஞ்சு ஏறிக்கொண்டே போகும். தண்ணீரின் தெளிவு வேறு, தண்ணீரின் நலம் வேறு. இந்தப் பாடத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

2. தொட்டியும் அதன் இடமும்

முதல் தொட்டிக்கு இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் போதும். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறத்தாழ 45 லீற்றர் தண்ணீர் கொள்ளும். சிறிய வட்டக் கண்ணாடிச் சாடி மலிவு என்று அதை வாங்க வேண்டாம். தண்ணீர் குறைந்தால் நஞ்சும் சூடும் விரைவாக ஏறும். தொட்டி சிறிதாக இருப்பது புதியவருக்குச் சிரமம், பெரிதாக இருப்பதே இலகு.

45 லீற்றர் தண்ணீரின் பாரம் 45 கிலோ. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 60 கிலோவைத் தாண்டும். எனவே ஆடாத மேசை அல்லது சீமெந்துக் கற்களின் மேல் மட்டமான பலகை வேண்டும். தொட்டியின் கீழே ஒரு துண்டு ரெஜிபோம் விரித்தால் சிறு மேடு பள்ளத்தால் கண்ணாடி வெடிக்காது. வீட்டுக்குள் வைக்கு முன் முற்றத்தில் வைத்து ஒரு நாள் முழுக்க நிரப்பி, ஒழுக்கு உண்டா என்று பாருங்கள்.

நேர் வெயில் படும் யன்னலோரம் கூடாது. பாசி படரும், தண்ணீர் சுடும். நாம் சொல்லும் மீன்களுக்கு 24 முதல் 28 பாகை வரையான வெப்பம் நல்லது. எங்கள் பகுதிகளில் சூடாக்கும் கருவி தேவையில்லை. எங்களுக்குள்ள தொல்லை வேறு. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் தண்ணீர் மிகவும் சூடேறும். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள ஒட்சிசன் குறையும். ஆகவே தொட்டிக்கு மேலே கூரையின் உட்புறத்தில் கிடுகு கட்டுங்கள், அல்லது வீட்டின் குளிர்ச்சியான மூலையைத் தெரிவு செய்யுங்கள்.

கண்ணாடிக்கு வசதி இல்லாதவர்கள் சீமெந்துத் தொட்டியோ கிணற்று வளையமோ பயன்படுத்தலாம். ஆனால் புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியும். வாழைக்குற்றியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுத் தண்ணீர் நிரப்பி, சில நாட்களுக்கு ஒரு முறை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டு, மூன்று கிழமை பதப்படுத்திய பின்னரே மீன் விட வேண்டும். தரையில் உள்ள தொட்டிக்குக் கட்டாயம் கம்பி வலை மூடி போடுங்கள். சிறு பிள்ளைக்கு ஒரு அடி தண்ணீரே ஆபத்து.

3. தண்ணீர்

கிணற்றுத் தண்ணீர்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் சுண்ணாம்புக் கல் இருப்பதால் கிணற்றுத் தண்ணீர் வன்னீராக இருக்கும். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவது அதனாற்றான். இந்தத் தண்ணீரைக் கண்டு பயப்படத் தேவையில்லை. கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய மீன்களுக்கு வன்னீரே பொருத்தம். சற்று உவர் கலந்த கிணறானாலும் மொலி தாங்கும். ஒன்று மட்டும் கவனம். சுண்ணாம்புத் தன்மை கூடிய தண்ணீரில் அமோனியாவின் நஞ்சு இன்னும் கூடும். ஆகவே எங்கள் பகுதியில் பொறுமையும் கூடுதலாக வேண்டும்.

ஆழக் கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம். வாளிக்கு வாளி சில தடவை ஊற்றி ஆற்றி, ஒரு நாள் வைத்துப் பயன்படுத்துங்கள்.

குழாய்த் தண்ணீரும் பவுசர்த் தண்ணீரும்: இவற்றில் குளோரின் இருக்கும். குளோரின் மீனையும் கொல்லும், நாம் வளர்க்க விரும்பும் பற்றீரியாவையும் கொல்லும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, நுளம்பு முட்டையிடாதபடி மெல்லிய துணியால் மூடி, ஒன்று முதல் இரண்டு நாட்கள் வைத்தால் குளோரின் ஆவியாகிவிடும். வெள்ளத்தின் பின் குளோரின் இட்ட கிணற்றுக்கும் இதே முறைதான்.

வாளி: மீன் வேலைக்கென்று ஒரு வாளியை ஒதுக்கி அடையாளம் இடுங்கள். கிருமிநாசினி கலந்த வாளி, சவர்க்காரம் போட்ட வாளி ஒருபோதும் வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் கிருமிநாசினி வாளியை நம்ப முடியாது.

4. நாற்பது நாள் ஒழுங்கு

முதலாம் நாள்: சிறு கூழாங்கல்லை அல்லது பருமணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். சவர்க்காரம் போட வேண்டாம். ஒன்றரை அங்குலத் தடிப்பிற்குப் பரப்புங்கள். அதன் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் மணல் கிளம்பாது. வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளை நன்கு அலசி நடுங்கள். நெல் வயல் வாய்க்காலில் எடுத்த செடியானால் கிருமிநாசினி இருக்கக்கூடும். அப்படிப்பட்டதைத் தவிருங்கள்.

மின்சாரம் உள்ளவர்கள் காற்றுப் பம்பியும் பஞ்சு வடிகட்டியும் வைக்கலாம். அதன் வயர் தொட்டியை விடக் கீழே தொங்கி, பின் மேலே பிளக்கிற்குப் போக வேண்டும். அப்போதுதான் வயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்கிற்குள் போகாது. மின்சாரம் இல்லாதவர்கள் மீனின் தொகையைப் பாதியாக்கிச் செடியைக் கூட்டினால் போதும்.

முதலாம் நாள் தொடக்கம் பத்தாம் நாள் வரை: மீன் இல்லை. நோயில்லாத பழைய தொட்டி ஒன்று அயலில் இருந்தால், அதிலிருந்து இரண்டு கைப்பிடி கல்லை ஈரம் காயாமல் கொண்டு வந்து துணியில் கட்டிப் போடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது இது. தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகிப் பற்றீரியாவுக்கு இரையாகும். தண்ணீர் இடையில் பால் போலக் கலங்கலாம். மாற்ற வேண்டாம், தானே தெளியும். பழைய கல் கிடைக்காதவர்கள் இந்தப் பத்து நாளை மூன்று கிழமையாக்குங்கள். மற்ற நாட்களும் அதற்கேற்பப் பின்தள்ளிப் போகும்.

பத்தாம் நாள்: மூன்று கப்பிகள் மட்டும். ஒரு ஆண், இரண்டு பெண்.

பத்தாம் நாள் தொடக்கம் நாற்பதாம் நாள் வரை: ஒரு நேரம் மட்டும், குறைவாக உணவு. மூன்று நாளுக்கு ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால், அல்லது செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றால், உடனே மூன்றில் ஒரு பங்கு மாற்றி, ஒரு நாள் உணவை நிறுத்துங்கள்.

நாற்பதாம் நாள்: எல்லாம் சுகமாக இருந்தால் இன்னும் மூன்று நான்கு மீன்கள். இரண்டு கிழமை கழித்து மேலும் மூன்று. 45 லீற்றர் தொட்டிக்குப் பத்துக் கப்பிகள் போதும்.

5. எந்த மீனை வாங்குவது?

கப்பி எல்லோருக்கும் ஏற்றது. ஆண் சிறியது, நிறமுள்ளது, வால் அகன்றது. பெண் பெரியது, வயிறு பருத்தது. ஒரு ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்று வைத்தால் பெண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். மொலி, பிளாட்டி, வாள்வால் என்பவையும் கப்பியைப் போலக் குஞ்சு போடுபவையே.

பைட்டர் மீன் மேற்பரப்பில் வந்து காற்றைச் சுவாசிக்கக் கூடியது. ஆனால் இரு ஆண்களை ஒன்றாக விட்டால் சண்டை பிடித்துச் சாகும். தங்கமீன் அழகானது, ஆனால் பெரிதாக வளரும், தண்ணீரை மிகவும் அழுக்காக்கும். முதல் தொட்டிக்கு வேண்டாம். "தொட்டியைத் துப்புரவாக்கும்" என்று விற்கப்படும் சக்கர் மீனும் வேண்டாம். அது ஒரு அடிக்கு மேல் வளரும். யாரோ ஆற்றிலும் குளத்திலும் கொண்டுபோய் விட்டதால் இன்று இலங்கையின் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவரின் வலைகளில் சிக்கித் தொல்லை தருகிறது.

கடையில் ஒரு தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் வாங்க வேண்டாம். செட்டையை விரித்து, சுறுசுறுப்பாக நீந்தி, உணவுக்கு ஓடி வரும் மீனையே எடுங்கள்.

6. மீனை இறக்கும் முறை

பையை அவிழ்க்காமல் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். பின் அவிழ்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டித் தண்ணீரில் அரைக் கோப்பை பைக்குள் ஊற்றுங்கள். அரை மணி நேரம் சென்றதும் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம், அதனுடன் நோயும் வரும். புது இடத்திற்கு வந்த எவருக்கும் அந்தத் தண்ணீர் பிடிபடச் சில நாள் செல்லும். மீனுக்கும் அப்படியே. அன்று உணவு வேண்டாம்.

இரண்டாம் தடவை வாங்கும் மீன்களை வேறு வாளியில் இரண்டு கிழமை வைத்துப் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும்.

7. உணவும் வாராந்த வேலையும்

நாற்பது நாளின் பின், காலையும் மாலையும் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போடுங்கள். பட்டினியால் சாகும் மீனை விட, மிஞ்சிய உணவு அழுகிச் சாகும் மீனே கூட. வீட்டில் பலர் உணவு போடாமல் அந்தப் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்.

காய்ந்த கூனி இறாலை இடித்து அரித்த தூள், அவித்து மசித்த கீரை ஆகியவை நல்லவை. சோறும் பாணும் தண்ணீரைக் கெடுக்கும். நுளம்புக் குடம்பி கப்பிக்கு விருந்து. ஆனால் அதற்காகப் பாத்திரங்களில் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டாம். இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. டெங்கு இன்னும் இருக்கிறது, அதைப் பரப்பும் நுளம்பு தெளிந்த தண்ணீரிலேயே முட்டையிடும்.

கிழமைக்கு ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை எடுத்து, ஆற்றிய புதுத் தண்ணீர் விடுங்கள். எடுத்த தண்ணீரை வீணாக்க வேண்டாம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஊற்றுங்கள், அதில் பசளை இருக்கிறது. வடிகட்டிப் பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள். முழுத் தொட்டியையும் இறைத்து உரஞ்சிக் கழுவுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் நாற்பது நாள் வளர்த்த பற்றீரியா எல்லாம் போய், மீண்டும் முதலாம் நாளுக்கே வந்து விடுவோம்.

உடலில் உப்புப் போன்ற வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி நோய். ஐந்து லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பை முன்பே கரைத்து, இரண்டு நாளில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் கப்பியும் மொலியும் தாங்கும்.

நுளம்புக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் தொட்டியை ஈரத் துணியாலும் பொலித்தீனாலும் மூடி, காற்றுப் பம்பியை நிறுத்துங்கள். அந்த மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு. புகை போன பின் உடனே திறவுங்கள்.

8. குஞ்சும் வருமானமும்

பெண் கப்பி ஏறத்தாழ நான்கு கிழமைக்கு ஒரு முறை குஞ்சு போடும். ஒரு தரத்தில் இருபது, முப்பது, சில வேளை அதற்கும் கூட. ஒரு முறை ஆணோடு சேர்ந்த பெண் சில மாதங்கள் வரை ஆண் இல்லாமலே குஞ்சு போடும். பெரிய மீன்கள் குஞ்சுகளைத் தின்னும். செடி அடர்த்தியாக இருந்தால் பல தப்பும். தப்பியவற்றை வேறு பாத்திரத்தில் வளர்த்து, ஒரு மாதத்திற்குப் பின் ஆண் பெண் பிரிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பெண்கள் மாதம் நாற்பது குஞ்சுகள் போட்டு, பாதி பிழைத்தால் இருபது. விற்கும் பருவம் வர மூன்று மாதம் செல்லும். ஆகவே எந்த நேரமும் அறுபது குஞ்சுகள் கையில் இருக்கும். குஞ்சுக்கு இரண்டு லீற்றர் என்றாலும் 120 லீற்றர் தண்ணீர் வேண்டும். எங்கள் 45 லீற்றர் தொட்டி இதற்குப் போதாது. மூன்று அடி அகலமான கிணற்று வளையத்தில் ஒன்றே கால் அடி தண்ணீர் விட்டால் ஏறத்தாழ 250 லீற்றர் கிடைக்கும். எனவே வருமானம் என்பது கண்ணாடித் தொட்டியில் அல்ல, இரண்டாவது தொட்டியில்தான் தொடங்குகிறது.

இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களில் கப்பிக்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் ஏற்றுமதிக்காரர் கேட்பது ஒரே இனம், ஒரே நிறம், ஒரே அளவு. கலப்புக் கப்பிக்கு அங்கே இடமில்லை. முதலில் அருகில் உள்ள நகரத்து மீன் கடைக்குப் போய், எதை, எத்தனை, எந்த அளவில் வாங்குவார்கள் என்று கேளுங்கள். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அலங்கார மீன் வளர்ப்புப் பயிற்சிகளை நடத்துகிறது. மாவட்ட அலுவலரிடம் விசாரியுங்கள்.

எமது வேண்டுகோள் ஒன்று. இதற்காகக் கடன் எடுக்க வேண்டாம். கிழமைக் கடன்காரர் வாசலுக்கே வருவார். தவணை முதற் கிழமையே தொடங்கும், மீனோ நான்காம் ஐந்தாம் மாதத்தில்தான் காசாகும். முதல் தொட்டி வெறும் படிப்புக்கு. ஆறு மாதம் மீன்களை உயிரோடு காத்தவரே இரண்டாவது தொட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

9. மறுபடியும் போக நேர்ந்தால்

இதை எழுத எமக்கு மனம் வரவில்லை. ஆனாலும் எமது வாசகர்களுக்குச் சொல்லாமல் விட முடியாது. மீண்டும் இடம் மாற வேண்டி வந்தால், முதல் நாள் உணவை நிறுத்துங்கள். பொலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீரும் மிச்சம் காற்றுமாக மீனைக் கட்டுங்கள், அல்லது மூடியுள்ள வாளியில் அரைவாசிக்குத் தண்ணீர் விட்டுக் கொண்டு போங்கள். கல்லையும் பஞ்சையும் பழைய தண்ணீரில் நனைந்தபடியே எடுத்துச் செல்லுங்கள். காய்ந்தால் பற்றீரியா செத்துவிடும். ஈரமாக இருந்தால் புது இடத்தில் நாற்பது நாள் காத்திருக்கத் தேவையில்லை. விதைநெல்லை எடுத்துப் போவது போன்றது அது. தண்ணீரோடு தொட்டியைத் தூக்க வேண்டாம், உடையும்.

கொண்டு போக வழியில்லையென்றால் அயலவருக்குக் கொடுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். எங்கள் குளங்களுக்கென்று மீன்கள் உண்டு. வெளியிலிருந்து வந்த மீனும் செடியும் அவற்றின் இடத்தைப் பிடித்து விடும். சல்வீனியா மூடிய குளத்தைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

உயிருள்ள ஒன்றைக் கையில் எடுப்பவர் அதற்குக் கணக்குக் கொடுக்கவும் வேண்டும் என்பது எமது நம்பிக்கை. மூன்று கப்பிகளை நாற்பது நாள் காத்த வீட்டில், எதையாவது வளர்க்க முடியும் என்ற துணிவு திரும்பவும் வருவதை நாம் பார்த்திருக்கிறோம்.

குழுவில் கலந்துரையாடுங்கள்

1. உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது? கேத்தில் அடியில் படிகிறதா? உவர் உண்டா? எந்த மீன் பொருந்தும்?
2. தண்ணீர் தெளிவாக இருந்தும் மீன் ஏன் சாகலாம்? வயலில் இதற்கு ஒப்பான ஓர் உதாரணம் சொல்லுங்கள்.
3. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே ஒரு தொட்டியைத் தொடங்கி, அதன் கல்லையும் குஞ்சையும் பிறகு பங்கிட்டால் என்ன நன்மை? யார் வீட்டில் அதை வைப்பது?